மத்தளத்துக்குக் கால் இல்லை

கேள்வி: எங்கள் ஊர்க் கூத்துக் களரியில் மத்தளம் அடித்த முதல் பெண் என் தங்கை. தாளம் பிசகினால் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரோடும் வாதாடுவாள். பிள்ளை பிறந்து எட்டு மாதமாகிறது. ஆளே மாறி, பொறுமையும் கனிவுமாக இருக்கிறாள். மத்தளம் பரணில் ஏறிவிட்டது. எந்தப் பிடிவாதக்காரக் கலைஞரையும் தாய்மை கனியவைத்துவிடும் என்பது இயற்கையின் விதிதானே?
ஒரு வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: மத்தளத்துக்குக் கால் இல்லை, ஐயா. அது தானாகப் பரணில் ஏறாது. ஏற்றியது யார்? தங்கையா, மைத்துனரா, உங்கள் அம்மாவா? செய்தவரை ஒளித்துவைக்கும் வாக்கியங்களைத் திருத்துவதே என் அன்றாடப் பிழைப்பு. என்னிடமே அப்படி ஒன்றை அனுப்பியிருக்கிறீர்கள்.

அடுத்து அந்தக் 'கனிவு'. எட்டு மாதப் பிள்ளைக்காரி ஓர் இரவில் எத்தனை தடவை எழும்புகிறாள் என்று எண்ணியதுண்டா? நித்திரை கெட்டவள் வாதாடமாட்டாள். 'ஓம்' என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொள்வாள். அதற்குக் கனிவு என்று பெயர் வைப்பது வீட்டாருக்கு வசதி.

ஜெர்மனியில் கேத்தே கொல்விட்ஸ் என்றோர் ஓவியர் இருந்தார். இரண்டு ஆண்பிள்ளைகளின் தாய். செத்த பிள்ளையை மடியில் வாரிக்கொண்டிருக்கும் தாயை 1903 இல் அச்சோவியமாக்கினார். அந்தப் பிணத்துக்கு மாதிரியாகக் கிடந்தவன் அவருடைய மகன் பீட்டர், ஏழு வயது. பிள்ளையைக் கையில் கிடத்திக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து வரைந்தார். பாரம் தாங்காமல் முனகியபோது, பேசாமல் இருங்கள் அம்மா, அழகாக வரும் என்று தேற்றியவனும் அவனே. நம் ஊரில் ஒருத்தி இப்படிச் செய்தால் கண்ணூறு கழிக்க ஆள் கூப்பிட்டிருப்பார்கள். அந்தப் படத்தில் தாய் பிள்ளையை மிருகம் கவ்வுவதுபோல் கவ்வியிருக்கிறாள். கனிவை அதில் தேடிப் பாருங்கள். 1914 ஒக்டோபரில் பீட்டர் போர்முனையில் இறந்தான். அவனுக்காகத் தாயும் தகப்பனும் முழந்தாளிட்ட சிலைகளை அவர் 1932 இல்தான் செய்து முடித்தார். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் இன்னும் படங்களைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்கிற நம் மட்டக்களப்பு மாவட்டத்தில் இதற்கு உரை எழுத வேண்டியதில்லை.

ஜெர்மனி எதற்கு? வைகாசியில் கண்ணகி வழக்குரை படித்து, அம்மன் சினம் தணியக் குளிர்த்தி பாடுகிறவர்கள் நாம். கண்ணகிக்குக் கோயில் வைத்த நாம் மாதவியைக் கண்டுகொள்வதில்லை. காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் கண்டுகொண்டார்; 1947 இல் வெளிவந்த அவருடைய இசை ஆராய்ச்சி நூலான யாழ்நூல், சிலப்பதிகாரத்தில் மாதவியின் அரங்கேற்று காதையிலிருந்து முளைத்ததுதான். ஏழாண்டு பயின்று, பன்னிரண்டு வயதில் அரங்கேறி, தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சுப் பொன்னும் பெற்றவள் மாதவி. அவள் மணிமேகலையைப் பெற்ற செய்தியை இளங்கோ உரிய இடத்தில் சொல்வதில்லை. வெகுநேரம் கழித்து, அடைக்கலக் காதையில், மாடலன் என்ற மறையவன் வாயால் தெரியவருகிறது. அதனால் பலருக்குத் தப்பிவிடுகிற ஒன்று உண்டு: கானல்வரி பாடியபோது மாதவி பிள்ளைக்காரி. கோவலன் பாட்டில் இன்னொருத்தியின் நிழலைக் கண்டு, அவன் கையிலிருந்து யாழை வாங்கி, தானும் வேறொருவனை நினைத்தவள்போலப் பாடினாளே, அந்த ரோஷம் ஒரு தாயின் ரோஷம். உங்கள் விதி அவளிடம் எடுபடவில்லை.

பின்னாளில் அவள் ஆட்டத்தை விட்டாள் என்பீர்கள். விட்டாள்தான். கோவலன் கொலையுண்ட பிறகு, இந்திரவிழாவில் ஆட வரும்படி அவளுடைய தாய் சித்திராபதி ஆள் அனுப்பினாள். மாதவி மறுத்தாள், ஊர் அலர் தூற்றியது. அதுவும் பிடிவாதம்தான். அவளுடைய யாழை வேறு யாரும் பரணில் ஏற்றவில்லை.

ஒன்றும் மாறாது என்று நான் சொல்ல வரவில்லை. சில வருடங்களுக்கு முன் வாவிக்கரைக் கிராமமொன்றில் கூத்துப் பழக்கம் பார்க்கப் போயிருந்தேன். மத்தளம் ஒரு பெண்ணின் இடுப்பில், பூவரசில் ஏணை. சத்தத்துக்குப் பிள்ளை திடுக்கிடும் என்று பக்கத்து வீட்டுக் கிழவி திட்டிக்கொண்டே இருந்தார். பிள்ளையோ நல்ல நித்திரை. தாய் மத்தளத்தை இறக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள், பிள்ளை வீரிட்டது. வயிற்றுக்குள்ளேயே கேட்டுப் பழகிய சத்தமல்லவா! கிழவி வாயை மூடிக்கொண்டார். அந்தப் பெண் பிள்ளையை மடியில் போட்டு, ஒற்றைக் கையால் ஒரு பக்கத் தோலில் மட்டும் அடியெடுத்து, வாயால் தாளக்கட்டுச் சொல்லி, பாத்திரம் களரிக்குள் நுழையும் வரவு ஆட்டமொன்றை அரை மணிநேரத்தில் பழக்கி முடித்தாள். முன்பு அதற்கு இரண்டு இரவு எடுப்பாளாம். தாய்மை மாற்றியது அதைத்தான். பிள்ளை விழிக்குமுன் எதைப் பழக்கவேண்டும், எதை விட்டுவிடலாம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆட்டக்காரன் ஒருவன் கால் பிழைத்தபோது அவள் போட்ட சத்தம் மடியிலிருந்த பிள்ளைக்குப் பழகியதாகத்தான் இருக்கவேண்டும். அது அசையவே இல்லை.

மட்டக்களப்பில் குடி தாய்வழி, வீடும் பெண்ணுக்கு. மத்தளம் மட்டும் தகப்பனிடமிருந்து மகனுக்கு. பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். பிள்ளையை இழந்து புலம்பும் தாயாக விடிய விடிய ஆடினார்கள். தகப்பனான பிறகு உன் ஆட்டம் கனிந்ததா என்று அவர்களில் ஒருவரையாவது யாரும் கேட்டதாக நான் அறியேன். பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி ஆடும்போது பாடியவர் அவருடைய தாய் ஜெயம்மாள். பாலசரஸ்வதியின் மகள் இலக்குமியும் ஆட வந்தார். கலை தாய்வழி வந்த வீட்டில் உங்கள் கேள்வியே எழாது.

தங்கைக்கு இனி மத்தளம் வேண்டாமென்றால் அவளே சொல்லட்டும். நீங்கள் பிள்ளையின் தாய்மாமன், கை கால் சுகமாகத்தான் இருக்கும். மாரி தொடங்குமுன் அந்த மத்தளத்தைக் கீழே இறக்கிவையுங்கள். பரணில் ஈரம் பிடித்தால் தோல் தளர்ந்துவிடும்.