கடற்பஞ்சுக்கு ஏன் இவ்வளவு இடம்?

அன்புள்ள ஐயா,

துருவக் கடல்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் பென்குயினையும் திமிங்கிலத்தையும்விடக் கடற்பஞ்சுதான் அதிகம் வந்தது. உறையும் குளிரில் தரையோடு ஒட்டி அசையாமல் கிடக்கும் பிராணிக்கு ஏன் இவ்வளவு இடம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அங்கே மற்ற உயிர்களுக்கு இடம் கொடுப்பதே அதுதான், அதனால்தான். அண்டார்க்டிகாவைச் சுற்றிய கடல்தரை பல இடங்களில் வெறும் சேறு. ஒட்டிக்கொள்ளப் பிடிமானம் கிடையாது. மிதந்து போகும் பனிப்பாறை உருகும்போது உதிர்த்த ஒரு கல் கிடந்தால் போதும், அதன்மேல் கண்ணாடிக் கடற்பஞ்சு ஒன்று வளரும், பெரிய ஜாடி மாதிரி. அதன் விளிம்பில், நட்சத்திர மீனுக்கு உறவான இறகு நட்சத்திரம் ஏறி நின்று, தரையைவிட வேகமாக நீர் ஓடும் அந்த உயரத்தில் கைகளை விரித்து இரை பிடிக்கும். உள்குழியில் சில மீன்கள் முட்டையிடும். பஞ்சு செத்த பிறகும் கதை முடிவதில்லை. அதன் உடலைத் தாங்கிய, கண்ணாடி போன்ற சிலிக்கா ஊசிகள் தரையில் பாய் விரித்ததுபோலப் படிந்து, அதற்குள்ளும் புழுக்கள் குடியேறுகின்றன.

அப்புறம், 'அசையாமல்' என்கிறீர்களே, அது முழுக்கச் சரியில்லை. 2016இல் போலார்ஸ்டெர்ன் ஆய்வுக் கப்பல் வடதுருவத்துக்கு அருகே, நிரந்தரப் பனிக்கு அடியில், கடலுக்குள் இருக்கும் லாங்செத் மலைத்தொடரைப் படம் எடுத்தது. அணைந்துபோன எரிமலைகளின் மேல் அடர்த்தியாகக் கடற்பஞ்சுகள், சராசரி வயது 300 ஆண்டு! சிலவற்றின் பின்னால் ஊசிகளால் ஆன தடம் நீண்டு கிடந்தது. ஊர்ந்திருக்கின்றன. மேலிருந்து உணவு அதிகம் விழாத அந்த இடத்தில், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மாண்ட குழாய்ப்புழுக்களின் மிச்சத்தைத் தங்களுக்குள் வாழும் பாக்டீரியாக்களின் உதவியோடு தின்று வாழ்கின்றன என்று 2022இல் தெரியவந்தது. எனக்கு இதைப் படித்த அன்று வேறு வேலை ஓடவில்லை.

இப்படிப்பட்ட தரையில் இழுவை வலை ஒருமுறை போனால், பிடிபடும் மீனோடு அந்த மீன் முட்டையிட்ட இடமும் சேர்ந்து போகிறது. பனிப்பாறைகளும் தரையை உழுகின்றனதான், ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக. வலை திரும்பத் திரும்ப வருகிறது. அண்டார்க்டிகக் கடலில் தூண்டில் கயிற்றின் ஒரு பகுதியில் பஞ்சு, பவளம் போன்றவை 10 கிலோ ஏறினாலே சுற்றி ஒரு கடல்மைல் அளவுக்கு மீன்பிடிப்பை நிறுத்தும் விதி இருக்கிறது. அந்த விதியை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். பென்குயினைப் பற்றியும் எழுதுவேன், ஆனால் பஞ்சின் இடத்தைக் குறைத்து அல்ல.