பழைய கணினியில் 169.254 என்று தொடங்கும் ஐபி முகவரி வந்தால் இணையம் ஏன் வேலை செய்வதில்லை?

ஐபி முகவரி என்பது வீட்டு இணைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் கிடைக்கும் இலக்கம். வழக்கமாக அதை ரவுட்டர், அதாவது வீட்டுக் கருவிகளை இணையத்தோடு இணைக்கும் பெட்டிதான் கொடுக்கும். கணினி கேட்டும் பதில் வராவிட்டால், விண்டோஸ் 169.254 என்று தொடங்கும் ஓர் இலக்கத்தைத் தானே வைத்துக்கொள்ளும். அதை வைத்துக்கொண்டு ரவுட்டரைத் தாண்டிப் போக முடியாது. நல்லூரில் ஓர் ஒழுங்கைக்குள் புதுவீடு கட்டியவர், மாநகர சபையிடம் கேட்காமல் கேற்றில் தானே ஓர் இலக்கம் எழுதினால் தபால்காரருக்கு எப்படித் தெரியும்? அதே கதைதான்.

முதலில் ரவுட்டரிலிருந்து கணினிக்கு வரும் வயரைப் பாருங்கள். பழைய கணினிகளில் வயர் நுனியில் இருக்கும் அந்தச் சின்னப் பிளாஸ்டிக் கொக்கி உடைந்து வயர் இளகி நிற்கும். நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். சரி, வயரில் பிழையில்லை என்றால் ரவுட்டரை நிறுத்தி, ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். கரண்ட் நின்று வரும்போது ரவுட்டருக்கு முன்னரே கணினி எழும்பிவிட்டாலும் இப்படி நடக்கும். அப்புறமும் வராவிட்டால், கட்டளைத் திரையை (Command Prompt) நிர்வாகி உரிமையுடன் (Run as administrator) திறந்து, 'netsh int ip reset' என்று தட்டி, கணினியை மீள இயக்குங்கள்.

இதற்கு விண்டோஸை போர்மட் அடிக்க வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். முகவரி கிடைக்காததுதான் பிரச்சினை, அதற்காக உங்கள் படங்களையும் கோப்புகளையும் அழிக்கத் தேவையில்லை.