வாசகர் கேள்வி: கியூஆர், வரைவு விதி, வராத பணம்

கேள்வி: மஞ்சக்குப்பத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். டிஜிட்டல் பேமென்ட் நிறுவனங்களுக்கான விதிகளை ரிசர்வ் வங்கி முதலில் வரைவாக வெளியிட்டுக் கருத்துக் கேட்கிறதாமே, எங்களைப் போன்றவர்கள் எழுதினால் எடுபடுமா?
- வாசகர், கடலூர்

பதில்: எழுதுங்கள். ஆனால் புகாராக எழுதாதீர்கள். ‘சவுண்ட்பாக்ஸ் (பணம் வந்ததைச் சொல்லும் பெட்டி) வாடகை அநியாயம்’ என்ற வரி வரைவின் எந்தப் பத்தியையும் தொடாது. கடைகளில் நேரில் நடக்கும் பேமென்ட்டைக் கையாளும் அக்ரிகேட்டர்களுக்கான (வாடிக்கையாளரின் பணத்தை வாங்கி வணிகருக்குச் சேர்க்கும் நிறுவனங்கள்) வரைவு 2024 ஏப்ரல் 16 அன்று வந்தது, மே 31 வரை அவகாசம். ஆண்டு விற்றுமுதல் 5 லட்சம் ரூபாய்க்குக் குறைவாக உள்ள, ஜிஎஸ்டி பதிவில்லாத சிறு வணிகரின் தொழில் இடத்தை நேரில் சரிபார்க்க வேண்டும் என்றது அது. முதுநகரில் கூடையில் மீன் விற்கும் அம்மாவுக்குத் தொழில் இடம் எது? துறைமுகமா, பத்து மணிக்குக் கூடையை இறக்கும் தெருவா? பத்தி எண்ணைக் குறிப்பிட்டு, இந்தச் சிக்கலைச் சொல்லி, மாற்று வாசகத்தையும் நீங்களே எழுதிக் கொடுத்தால்தான் அது கருத்து. அந்த விதிகள் 2025 செப்டம்பர் 15 அன்று இறுதியாகிவிட்டன. அடுத்த வரைவுகளுக்கு ரிசர்வ் வங்கி இணையதளத்தில் ‘கனெக்ட் டு ரெகுலேட்’ பகுதியைப் பாருங்கள்.

எடுபடுமா என்றால், 2022 ஆகஸ்ட் 17 அன்று பேமென்ட் கட்டணங்கள் பற்றிய ரிசர்வ் வங்கியின் விவாத அறிக்கை வந்தது. கருத்துச் சொல்ல அக்டோபர் 3 வரை நேரம் இருந்தது. நான்கே நாளில், யுபிஐக்குக் கட்டணம் விதிக்கும் எண்ணமில்லை என்று நிதி அமைச்சகம் சொல்லிவிட்டது. கடிதங்கள் போய்ச் சேரும் முன்பே முடிவு வந்த கதை அது!

கேள்வி: பெரிய மார்க்கெட்டில் யுபிஐயில் 640 ரூபாய் கொடுத்தேன். கணக்கில் கழிந்தது, கடைக்காரருக்கு வரவில்லை. ரொக்கமாக மறுபடி கொடுத்தேன்.
- வாசகி, புதுச்சேரி

பதில்: முதலில் ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையின் நிலையைப் பாருங்கள். ‘சக்சஸ்’ என்றிருந்தால் பணம் பெரும்பாலும் கடைக்காரர் கணக்கில்தான் இருக்கும், சிக்னல் இல்லாமல் சவுண்ட்பாக்ஸ் பேசாமல் விட்டிருக்கலாம். ஆப்பில் இருக்கும் 12 இலக்க யுடிஆர் எண்ணை (அந்தப் பரிவர்த்தனையின் அடையாள எண்) காட்டி, அவருடைய வங்கி ஸ்டேட்மென்ட்டில் தேடச் சொல்லுங்கள். இருந்தால் அவர்தான் திருப்பித் தர வேண்டும்.

அங்கும் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கைதான் துணை. வணிகர் கியூஆர் என்றால் 5 நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தனிநபர் கணக்கின் கியூஆரை ஒட்டியிருந்தால் (சிறு கடைகளில் இது சகஜம்) மறுநாளுக்குள். அதன் பிறகு தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு, நீங்கள் கேட்காவிட்டாலும் தர வேண்டும். கெடு தாண்டினால் ஆப்பிலும் வங்கியிலும் எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் அதிகாரி) போகலாம், கட்டணம் கிடையாது. வழி கேட்க ரிசர்வ் வங்கியின் உதவி எண் 14448, தமிழிலும் பேசலாம்.