இரும்புச்சத்து மாத்திரையும் சாயத்தண்ணியும்

வணக்கம் சகோதரி. ஹட்டன் பக்கத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் உங்கள் அம்மா, இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் எடுத்தும் களைப்புக் குறையவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதைக் காலைச் சாயத்தண்ணியோடு (பால் சேர்க்காத தேநீரோடு) விழுங்குகிறார் என்று நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்; தேயிலையிலுள்ள பொலிபீனோல்கள் இரும்போடு பிணைந்து, குடல் அதை உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. தேநீருக்கும் மாத்திரைக்கும் இடையில் இரண்டு மணி நேரமாவது விட்டு, தண்ணீருடனோ தேசிக்காய்ச் சாற்றுடனோ கொடுங்கள். கல்சியம் மாத்திரையை அதனுடன் சேர்க்க வேண்டாம்.

ஆயினும், அம்மாவின் 45 வயதில் மாதவிடாய் அதிகமாகப் போகிறதா, குடலில் இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழுத் தொற்று உள்ளதா என்று பார்க்காமல் தேநீரை மட்டும் குறை சொல்வது சரியன்று. ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைவாகவே நீடித்தால், காரணத்தைக் கண்டறியும்படி வைத்தியரிடம் கேளுங்கள். பெண்களின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் சுகவனிதையர் கிளினிக் நடக்கும் நாளைத் தோட்டத்து மருத்துவமாது சொல்வார்.