சின்ன நாய்க்கு மூளையில் அழற்சி என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

திருவாரூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: மூன்று வயது பக் நாய், ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஒரு தடவை வலிப்பும் வந்துவிட்டது. மூளை அழற்சியாக இருக்கலாம் என்கிறார் டாக்டர், எந்த டெஸ்டில் உறுதியாகும் என்று.

மன்னார்குடியில் எங்கள் வீட்டுப் பக் நாய்க்கும் இதே நோய்தான். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே டெஸ்டில் இது உறுதியாகாது. மூளைத் திசுவை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் நூற்றுக்கு நூறு உறுதி; உயிரோடு இருக்கும் நாய்க்கு அதைச் செய்வது மிக அரிது. ஆகவே வேறு காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுத்தான் இந்த முடிவுக்கு வருவார்கள். கிருமி எதுவும் இல்லாமல் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் நோய் இது. பக், மால்டீஸ், யார்க்ஷயர் டெரியர், சிவாவா, பொமரேனியன் போன்ற சின்ன இனங்களில், பெரும்பாலும் இளம் வயதிலும் நடுவயதிலும் வருகிறது.

முதலில் ரத்தப் பரிசோதனை. சர்க்கரை, கல்லீரல், உப்புச் சத்து எல்லாம் சரியாக இருந்தால் வலிப்புக்கான வேறு சில காரணங்கள் விலகிவிடும். நம் பக்கத்தில் உண்ணிக் காய்ச்சலையும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயையும் பார்க்காமல் மேலே போகவே கூடாது. உண்ணி வழியாக வரும் எர்லிக்கியா கிருமி மூளையையும் பாதிக்கும். ரத்தத்தில் பிளேட்லெட் குறைந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். கொஞ்ச நாள் முன்பு காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு இருந்ததா, இப்போது தசை விட்டுவிட்டுத் துடிக்கிறதா, பாதம் தடித்திருக்கிறதா? அப்படியென்றால் டிஸ்டெம்பரை நினைக்க வேண்டும். தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள். வெறிநோய் ஊசி போடாத நாய் என்றால் எச்சில் மேலே படாமல் கையாளுங்கள், டாக்டரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. சாதாரண வலிப்பு நோய் உள்ள நாய், வலிப்பு வந்த பிறகு சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தெளிந்து பழையபடி ஆகிவிடும். உங்கள் நாய் இடைப்பட்ட நேரத்திலும் சுற்றுகிறது என்றால், அல்லது தலை சாய்கிறது, சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கிறது, கண் தெரியாமல் இடிக்கிறது, கழுத்தைத் தொட்டால் கத்துகிறது என்றால், வெறும் வலிப்பு மாத்திரையோடு விட்டுவிட வேண்டாம். இதையெல்லாம் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். டாக்டர் மேஜையில் நாய் அப்படிச் செய்யாமல் போகலாம்.

அடுத்து எம்ஆர்ஐ ஸ்கேன், அதன் பிறகு மூளையையும் முதுகுத்தண்டையும் சுற்றியிருக்கும் நீரை ஊசியால் எடுத்துப் பார்க்கும் தண்டு நீர்ப் பரிசோதனை. இந்த வரிசை முக்கியம். மூளைக்குள் அழுத்தம் ஏறியிருக்கும்போது நீரை எடுத்தால் மூளை கீழிறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அழுத்தம் இருக்கிறதா என்று ஸ்கேன் காட்டிக் கொடுக்கும். இரண்டுக்கும் மயக்க மருந்து தேவை. நாய் தண்டு நீரில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 5-க்குக் குறைவான வெள்ளணுக்கள்தான் இருக்க வேண்டும்; அழற்சியில் அதுவும் புரதமும் ஏறும். ஆனால் நோய் இருந்தும் நீர் சாதாரணமாக வருவதுண்டு, எனவே ஒரு ரிப்போர்ட்டை மட்டும் வைத்து நோய் இல்லை என்று மகிழ்ந்துவிடவும் முடியாது.

நான் ரொம்ப அழுத்திச் சொல்ல விரும்புவது அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்து பற்றி. அந்த ஊசி போட்டவுடன் பல நாய்கள் தேறியதுபோல் தெரியும், எங்கள் வீட்டிலும் அடுத்த நாளே எழுந்து சாப்பிட்டது. ஆனால் தண்டு நீரில் அணுக்கள் குறைந்து, ஸ்கேனிலும் அடையாளம் மங்கிவிடலாம். உள்ளே தொற்று இருந்தால் அது பெருகவும் வழியாகும். ஸ்கேனுக்குப் போகிற எண்ணம் இருந்தால் அதுவரை ஸ்டீராய்டைத் தள்ளிப்போட முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வலிப்பு மருந்தை நிறுத்த வேண்டியதில்லை, அதனால் சோதனை கெடாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் வலிப்பு நின்றபாடில்லை என்றால் எந்த டெஸ்டும் முக்கியமில்லை, உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

எங்கே போவது? ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உங்களுக்கு அதுதான் பக்கம். ஸ்கேன் எங்கே எடுக்கலாம் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். சென்னை வரை போக நேர்ந்தால் வெயில் இல்லாத நேரத்தில் கிளம்புங்கள், பக் நாய் சூடு தாங்காது.

ஸ்கேனுக்குப் பணமோ நாயின் உடல்நிலையோ இடம் கொடுக்கவில்லையா? தொற்றுகளை முடிந்தவரை விலக்கிவிட்டு, அழற்சி என்றே எடுத்துக்கொண்டு சிகிச்சை ஆரம்பிக்கும் டாக்டர்களும் உண்டு, அதில் தவறில்லை. அப்படித் தொடங்கினால் ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தாதீர்கள். மாதக்கணக்கில், டாக்டர் சொல்லச் சொல்லக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.