பிச்சிப்பூ கணக்கு தெரிந்தால் பாதிப் படிப்பு முடிந்தது

குலசேகரத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறாள்: "மெக்கானிக்கல் முடித்துவிட்டேன் அண்ணா. இங்கிலாந்தில் ஆபரேஷன்ஸ் அண்ட் சப்ளை செயின் எம்.எஸ்சி. படிக்க இடம் கிடைத்திருக்கிறது, ஒரு வருடம். அதில் என்னதான் சொல்லித் தருவார்கள்? வேலை கிடைக்குமா? அப்பா ரப்பர் விளையை ஒத்திக்கு வைக்கிறேன் என்கிறார்."

மக்களே, சப்ளை செயின் என்பது சரக்கு ஆலையிலிருந்து வாங்குபவர் கைக்கு வரும் சங்கிலி. மேனேஜ்மென்ட் என்றால் பேசியே ஓட்டிவிடலாம் என்று நினைத்து 2010-இல் இங்கே படிக்க வந்தவன் நான். முதல் மாதமே கணக்கு வந்து உட்கார்ந்தது. ஆனால் நமக்குத் தெரிந்த கணக்குதான்.

தோவாளைச் சந்தையில் ஒருவர் பிச்சிப்பூவை கிலோ 200 ரூபாய்க்கு எடுத்து 300-க்கு விற்கிறார் என்று வை. ஒரு கிலோ குறைவாக எடுத்துவிட்டால் 100 ரூபாய் லாபம் போச்சு. ஒரு கிலோ மிஞ்சினால் வாடிப்போய் 200 போச்சு. இரண்டு நஷ்டத்தையும் கூட்டினால் 300. 100-ஐ 300-ஆல் வகுத்தால் மூன்றில் ஒன்று. அந்த ஒரு பங்கு நாளில்தான் எடுத்த பூ தேவைக்குப் போதுமானதாக இருக்க வேண்டும். அதாவது மூன்று நாளில் இரண்டு நாள் பூ தீர்ந்து, கேட்டு வந்த ஆள் வெறுங்கையோடு போகிற அளவுக்கு எடுப்பதுதான் லாபம்! வகுப்பில் இதை நியூஸ்வெண்டர் கணக்கு என்பார்கள், தினசரிப் பேப்பர் விற்கிறவனை வைத்து. ஓணம் நெருங்கி கேரளாக்காரர்கள் வந்து நின்றால் விலை மாறும், எடுக்கிற அளவும் மாறும்.

அப்புறம் பீர் கேம். பயப்படாதே, யாரும் குடிப்பதில்லை. 1960-களில் எம்.ஐ.டி.யில் உருவாக்கிய விளையாட்டு இது. சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என்று நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் அடுத்தவரிடம் ஆர்டர் போட வேண்டும், ஒருவரோடொருவர் பேசக் கூடாது. நான் ஆலை. முதலில் எனக்கு ஆர்டர் மேல் ஆர்டர். தயாரித்துத் தள்ளினேன். அப்புறம் வாரக்கணக்கில் ஒரு பெட்டிகூட யாரும் கேட்கவில்லை, சரக்கு மலைபோல் கிடந்தது. கடைசியில் சீட்டைத் திருப்பிக் காட்டினார்கள்: வாடிக்கையாளர் வாரம் 4 பெட்டி வாங்கியவர் ஒரே ஒரு முறை 8-க்கு மாறினார், அவ்வளவுதான். மற்றதெல்லாம் நாங்களே பதறிப் பதறிப் பெருக்கியது. வாடிக்கையாளரிடம் வரும் சின்ன மாற்றம் ஆலைவரை போகப் போகப் பெருகுவதுதான் புல்விப் எஃபெக்ட். அந்தச் சொல்லை அதற்குப் பிறகு நான் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

சரி, வேலை. படிக்கும்போது வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். கோடையில் ஆய்வேடு எழுதும் மாதங்களை விடுமுறை என்று எண்ணி அதிகம் செய்துவிடாதே. அதுவும் படிப்புக் காலம்தான். அந்த 20 மணி நேரத்தை ஹோட்டலில் தட்டு கழுவிக் கழிக்காமல் வேர்ஹவுஸில் கழி. டேவன்ட்ரி, நார்தாம்ப்டன் பக்கமெல்லாம் வேர்ஹவுஸ்தான். நான் இரவு ஷிஃப்டில் ஸ்டாக் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கம்ப்யூட்டரில் 12 பாலெட் (சரக்கு அடுக்கும் பலகை), ரேக்கில் 9. மீதி மூன்றும் திருடுபோகவில்லை. ரேக்கில் ஏற்றியதாகக் கம்ப்யூட்டரில் பதிவாகிவிட்டது, பாலெட் மட்டும் இறக்கிய இடத்திலேயே கிடந்தது. அதைத் தேடிப் பிடித்த கதையைத்தான் நேர்காணலில் சொன்னேன். என் மார்க்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

இனி கசப்பான பகுதி. படிப்புக்குப் பிந்தைய கிராஜுவேட் விசா, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 2 வருடத்திலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. அதன்பின் தங்க ஸ்கில்டு வொர்க்கர் விசா வேண்டும். அதற்குப் பொதுவான சம்பள வரம்பு 2025 ஜூலையிலிருந்து ஆண்டுக்கு 41,700 பவுண்டு. புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்குக் கொஞ்சம் குறைவு. ஸ்டாக் கிளார்க் போன்ற தொடக்க வேலைக்கு அந்த விசாவே கிடையாது. 18 மாதத்துக்குள் அந்த விசா கிடைக்கிற வேலைக்கு ஒரு படி ஏற வேண்டும். ஏறியவர்களும் இருக்கிறார்கள், ஊர் திரும்பியவர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே விளையை வைக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல். திரும்பி வந்து தூத்துக்குடியிலோ சென்னையிலோ வாங்கும் சம்பளத்தில் அடைக்க முடிகிற அளவு கடன்தான் உன் அளவு. அதற்குள் அடங்கவில்லையா, ஒரு வருடம் வேலை பார்த்துச் சேர்த்துக்கொண்டு வா.

ஸ்வெட்டரெல்லாம் இங்கே வாங்கிக்கொள்ளலாம். எக்செலில் நீளப் பட்டியலைச் சுருக்கித் தொகுக்கும் பிவோட் டேபிளை மட்டும் ஊரிலேயே பழகிவிடு.