குளிர்காலம் முழுக்கச் சும்மா கிடந்த லான்மோவர் ஸ்டார்ட் ஆகவில்லை, ஸ்பார்க் பிளக் மாற்றியும் பயனில்லை. என்ன பராமரிப்பு செய்ய வேண்டும்?

பிளக்கை விடுங்கள். கடைசியாகப் புல் வெட்டிய அன்று டாங்கில் மிச்சமிருந்த பெட்ரோலை என்ன செய்தீர்கள்?

நான் இருப்பது தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்க். ஜூன், ஜூலையில் இங்கே உறைபனி விழும், புல் பழுப்பாகி அப்படியே நின்றுவிடும். மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளித் தீமிதி முடிந்து ஒரு மாதம் ஆனால் மெஷின் ஷெட்டுக்குள் போகும், செப்டம்பரில்தான் வெளியே வரும். (புனித வெள்ளியில் தீமிதியா என்று வந்த புதிதில் கேட்டேன். "எல்லாருக்கும் லீவு அன்னைக்குத்தானே தம்பி" என்றார் பக்கத்து வீட்டுத் தாத்தா.)

முதல் வருஷம் எனக்கும் உங்கள் கதைதான். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலி கண்டதுதான் மிச்சம். ஒரு ஒர்க்‌ஷாப்பில், "கார்புரேட்டர் போச்சு, புதுசு போடணும்" என்றார்கள். பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம்தான் கார்புரேட்டர். விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து நானே பிரித்தேன். அடியில் கிண்ணம் மாதிரி இருக்கும், அதைப் பிடித்திருப்பது ஒரே ஒரு நட். கழற்றியதும் பழைய வார்னிஷ் வாடை. கிண்ணத்தின் அடியில் பிசின் மாதிரி மஞ்சளாக ஒரு படிவு. பெட்ரோலை அளந்து விடும் சின்ன பித்தளைத் துண்டான ஜெட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஓட்டையே தெரியவில்லை!

பெட்ரோலில் லேசான பகுதி ஆவியாகிப் போய்விடும், மீதி பிசினாக உறையும். ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தாலே சந்தேகம்தான். ஜெட்டின் ஓட்டை குண்டூசி முனையளவு, அடைக்க எவ்வளவு வேண்டும்?

முதலில் பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள், பிளேடு பக்கம் கை போகிற வேலை எதுவானாலும். கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டு, எலக்ட்ரிக் வயரிலிருந்து ஒரே ஒரு செம்பு இழையை உருவிக் குத்துங்கள். ஊசி வேண்டாம். ஜெட் பித்தளை, ஓட்டை பெரிதானால் பெட்ரோல் அதிகமாகப் போய்க் கரும்புகைதான் வரும். கிண்ணத்தின் ரப்பர் வளையத்தை இழுத்துவிடாதீர்கள், சரியாக உட்காராவிட்டால் ஒழுகும். என்னுடையது மூன்றாவது இழுப்பில் கிளம்பியது.

மற்ற வேலைகள் சின்னவை. ஆயில் சீசனுக்கு ஒருமுறை, இல்லையென்றால் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை, எஞ்சின் சூடாக இருக்கும்போதே வடியுங்கள். மோவருக்கு 600 மில்லி போலத்தான் பிடிக்கும், மாற்றாமல் இருக்கக் காரணமே இல்லை. ஸ்பாஞ்ச் ஏர் ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்ததும் கொஞ்சம் ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டுங்கள். பேப்பர் ஃபில்டர் என்றால் தட்டினால் போதும், கழுவக் கூடாது. அடியில் ஒட்டிய புல்லைச் சுரண்ட மெஷினைச் சாய்த்தால் கார்புரேட்டர் மேல்பக்கம் இருக்கட்டும். மாற்றிச் சாய்த்தால் ஆயில் ஏர் ஃபில்டருக்குள் இறங்கிவிடும், நான் பட்டிருக்கிறேன்.

ஜெனரேட்டருக்கும் இதே வியாதிதான். 2023இல் லோட் ஷெடிங் (முறை வைத்து வரும் மின்வெட்டு) தலைவிரித்தாடியபோது எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒன்று வாங்கினார்கள். 2024 மார்ச் கடைசியில் மின்வெட்டு நின்றதும் அவை பெட்ரோலோடு கராஜில் தூங்கின. அடுத்த வருஷம் மறுபடி கரண்ட் போன ராத்திரி எதிர்வீட்டு அக்கா டார்ச்சோடு வந்து நின்றார். அதே பிசின், அதே செம்பு இழை. ஆனால் ஜெனரேட்டரை கராஜுக்குள் ஓட்டிப் பார்க்காதீர்கள், புகை ஆளைக் கொன்றுவிடும். வாசலுக்கு இழுத்து வந்துதான் ஓட்டினோம்.

அடுத்த மே மாதம் கடைசியாக வெட்டி முடித்ததும் சுவிட்சை அணைக்காதீர்கள். பெட்ரோல் டாப்பை (டாங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் பெட்ரோல் போவதை நிறுத்தும் சின்னத் திருகு) மூடிவிட்டு ஓடவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் திணறித் தானாக நிற்கும். உங்கள் மோவரில் டாப் இல்லையென்றால் டாங்கை முதலில் காலி செய்துவிட்டு ஓடவிட வேண்டும். எந்த மாடல் என்று கமெண்டில் போடுங்கள், டாப் எங்கே இருக்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.